இடம் காலி பண்ண கதை: பேப்பர் டேப்ல இருந்து சி டிரைவ் வரைக்கும்



கம்ப்யூட்டர் வெச்சிருக்கிற எல்லாருக்கும் அந்த நாள் வரும். சி டிரைவ்ல கோடு சிவப்பாயிடும். இடம் பத்தலைன்னு மூலையில ஒரு அறிவிப்பு எட்டிப் பார்க்கும். உடனே ரீசைக்கிள் பின்னைக் காலி பண்ணுவோம். டெம்ப் ஃபோல்டர்ல கை வைப்போம். அதுக்கும் அசையலைன்னா ஏதாவது பழைய ஃபோல்டரைத் திறந்து, "இதெல்லாம் இனி யாருக்கு?"ன்னு ஷிஃப்ட் டெலீட் அடிப்போம்.

எப்படி காலி பண்றதுன்னு டிப்ஸ் சொல்ற பதிவுங்க ஏகப்பட்டது இருக்கு. இது அது இல்லை. கடந்த 70 வருஷமா மனுஷங்க எப்படியெல்லாம் இடத்தைக் காலி பண்ணாங்க, அதுக்கு என்ன விலை குடுத்தாங்கங்கிற சரித்திரம். நடுவுல எங்க ஓசூர் சிப்காட்டும் வரும்.

மேட்டர் என்னன்னா, கம்ப்யூட்டர்ல இடம் சும்மா கிடைச்சதா சரித்திரமே இல்லை. ஒவ்வொரு தடவையும் எதையோ அடகு வெச்சுத்தான் இடம் வாங்கியிருக்கோம். அடகு வெக்கிறதுல தப்பில்லை. அடகுச் சீட்டைத் தொலைக்கிறதுலதான் வம்பே வருது.

ஒரு பாட்டுக்குக்கூட காணாத ஒரு டன் டிஸ்க்

1956 செப்டம்பர்ல ஐ.பி.எம். கம்பெனி 305 ராமாக்னு ஒரு கம்ப்யூட்டரை அறிவிச்சாங்க. அதோட வந்த 350ங்கிற டிஸ்க்தான் இன்னிக்கு நம்ம ஹார்ட் டிஸ்க்குக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா. 24 அங்குல விட்டத்துல 50 தட்டு. எடை ஏறக்குறைய ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. இன்னிக்கு கணக்குல 4 எம்பிக்கும் கொஞ்சம் கம்மி. நாலு நிமிஷ எம்பி3 பாட்டு ஒண்ணு அதுல முழுசா ஏறாது :-)

அதுக்கு முன்னாடியும், அப்புறம் ரொம்ப வருஷத்துக்கும், தகவல் பெரும்பாலும் துளை போட்ட அட்டையிலதான் இருந்துச்சு. ஒரு அட்டைக்கு 80 எழுத்து. பேர், விலாசம், தேதி, தொகை எல்லாம் அந்த 80க்குள்ள அடங்கணும். அப்ப யாருக்கா இருந்தாலும் முதல்ல தோணுற யோசனை, 1965ன்னு நாலு எழுத்து எதுக்கு, 65 போதுமேங்கிறதுதான். ஒரு தேதிக்கு 2 எழுத்து மிச்சம்.

அடகு வெச்சது நூற்றாண்டை. "19தான்னு எல்லாருக்கும் தெரியுமே"ங்கிற நினைப்புதான் சீட்டு. அந்தச் சீட்டு 1999 டிசம்பர் 31 வரைக்கும்தான் செல்லும். அப்புறம் என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். ஒய்2கேன்னு உலகமே பதறுச்சு. அட்டையில மிச்சம் பண்ண ரெண்டு எழுத்தைத் திரும்ப மீட்க, நம்ம ஊர்ப் பசங்க எத்தனை பேர் அமெரிக்காவுக்கு ஃபிளைட் ஏறினாங்க! வட்டி அந்த மாதிரி.

சிப்காட்டுல மெமரியை மீட்டர்ல அளந்த கதை

"அதெல்லாம் அமெரிக்காக் கதை, நம்மூர்ல என்ன?"ன்னு கேப்பீங்க. சொல்றேன்.

ஓசூர்னா ரோஜாப் பூவும் தொழிற்சாலையும். 1970கள்ல சிப்காட் வந்தப்புறம் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன்னு பெரிய பெரிய ஆலைங்க வந்துச்சு. அந்த ஆலைங்களைச் சுத்தி, ஜாப் ஒர்க் எடுத்துப் பண்ற சின்னப் பட்டறைங்க நிறைய முளைச்சுது. வெளியில இருந்து பார்த்தா தகரக் கூரை. உள்ள போனா சி.என்.சி. மெஷின் ஓடிட்டிருக்கும்.

சி.என்.சி.ன்னா கம்ப்யூட்டர் சொல்றபடி இரும்பைக் கடையற மெஷின். எங்க கடையணும், எவ்வளவு ஆழம், எந்த வேகம்னு வரிவரியா ஒரு புரோகிராம் இருக்கும். ஆதியில இந்தப் புரோகிராம் ஒரு அங்குல அகலப் பேப்பர் டேப்புல துளைத் துளையா இருந்துச்சு. ஒரு அங்குல நீளத்துக்கு 10 எழுத்து. மீட்டருக்கு 394 எழுத்துன்னு வெச்சுக்குங்க.

அப்புறம் மெஷினுக்குள்ளயே மெமரி வந்துச்சு. ஆனா அளவு மட்டும் மாறலை. ஜப்பானோட ஃபானுக் கம்பெனி கன்ட்ரோலர்ல மெமரி எவ்வளவுன்னு கேட்டா, கேபி கணக்குல சொல்ல மாட்டாங்க. 40 மீட்டர், 80 மீட்டர், 320 மீட்டர்னு ஜவுளிக்கடை மாதிரி சொல்லுவாங்க. அத்தனை மீட்டர் டேப்பு கொள்ளும்னு அர்த்தம். பேப்பர் டேப்பை ஒருத்தரும் கண்ணால பார்க்காத 2000களிலகூட கேட்டலாக்ல இந்த மீட்டர் கணக்கு இருந்துச்சு.

40 மீட்டர்னா 16 கேபி. உங்க மொபைல்ல ஒரு எமோஜி படம்கூட அதைவிடப் பெருசா இருக்கலாம். அந்த 16 கேபிக்குள்ளதான் பட்டறையோட மொத்தப் பொழப்பும். புது ஆர்டர் வந்தா பழைய புரோகிராமை அழிச்சாகணும். அழிக்க மனசு வரலைன்னா சுருக்கணும். எப்படிச் சுருக்குவாங்க?

முதல்ல வரி நம்பர். என்0010, என்0020ன்னு ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி இருக்கும். ('என் நம்பர்'னா என்னோட நம்பர்னு நினைச்சுக்காதீங்க!) ஒரு வரிக்கு 5 எழுத்து. 1000 வரி புரோகிராம்ல 5000 எழுத்து. 16 கேபில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு! பெரும்பாலும் மெஷினுக்கு இந்த நம்பர் தேவையே இல்லை. ஆனா சில இடத்துல தேவை. ஜி71 மாதிரி சுழற்சிக் கட்டளை, "இந்த நம்பர் வரியில இருந்து அந்த நம்பர் வரி வரைக்கும்"னு சுட்டிக் காட்டும். கண்ணை மூடிட்டு எல்லா நம்பரையும் எடுத்தா அந்த இடத்துல மெஷின் அலாரம் அடிச்சு நின்னுடும். எது சும்மா இருக்கு, எதை இன்னொருத்தன் சுட்டிட்டிருக்கான்னு தெரிஞ்சு எடுக்கணும்.

அடுத்தது அடைப்புக்குறிக்குள்ள இருக்கிற குறிப்பு. எந்த பார்ட், எந்த டூல், எந்த ஜாவைப் போட்டுப் பிடிக்கணும்னு மனுஷனுக்காக எழுதினது. மெஷின் அதைப் படிக்காம தாண்டிப் போயிடும். அப்ப அதையும் எடுத்துடலாமே? எடுத்தாங்க. கடைசியில மெமரியில நிக்கிறது ஓ0012, ஓ0013ன்னு வெறும் நம்பர் மட்டும்தான். எந்த நம்பர் எந்த பார்ட்டுங்கிறது செட்டரோட தலைக்குள்ள. அந்த செட்டர் வேற கம்பெனிக்குப் போயிட்டா? பெங்களூர் 40 கிலோமீட்டர்ல இருக்கிற ஊர்ல செட்டர் வேற கம்பெனிக்குப் போறது அதிசயமா என்ன?

இங்க அடகு வெச்சது அர்த்தத்தை. சீட்டு ஒரு மனுஷனோட ஞாபகம்.

இன்னொரு கொடுமையும் உண்டு. பழைய மாடல் பலதுல இந்த மெமரிக்கு உயிர் குடுக்கிறது மூணு பெரிய டார்ச் லைட் பேட்டரி. மெஷின் ஆன்ல இருக்கும்போதுதான் அதை மாத்தணும். ஆஃப் பண்ணிட்டு மாத்தினாலோ, பேட்டரி செத்துக் கிடக்கும்போது கரண்ட் போனாலோ, புரோகிராமும் மெஷினோட பாராமீட்டரும் சேர்ந்து காலி. 2012 வாக்குல தமிழ்நாட்டுல கரண்ட் எப்படிப் போச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. மொத்த இடமும் தானாவே ஃப்ரீ ஆயிடும்!

இதுக்கு மருந்தா வந்ததுதான் பட்டறை மூலையில தூசி படிஞ்சு உக்காந்திருக்கிற அசெம்பிள்டு கம்ப்யூட்டர். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுல வாங்கினதா இருக்கும். மெஷின்ல இருந்து ஆர்.எஸ்.232 கேபிள் போட்டுப் புரோகிராமை அதுக்கு மாத்திட்டு, மெஷின் மெமரியைக் காலி பண்ணிக்கலாம். வேணுங்கிறப்ப திரும்ப ஏத்திக்கலாம். கெட்டிக்காரப் பட்டறைங்க பக்கத்துல ஒரு நோட்டும் வெச்சாங்க. ஓ நம்பர், பார்ட் பேர், தேதி. அந்த அஞ்சு ரூபா நோட்டுதான் உண்மையான அடகுச் சீட்டு.

பத்திரத்துல 'மேற்படி'

பட்டறையில இருந்து நம்ம மேஜைக்கு வருவோம். 1983ல ஐ.பி.எம். பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோட வந்துச்சு. 90கள் தொடக்கத்துல 40 எம்பி, 80 எம்பி. விண்டோஸ் 3.1 போட்டு மேல நாலு சாஃப்ட்வேர் போட்டா மூச்சு முட்டும். புது டிஸ்க் வாங்கறதுன்னா யானை விலை.

1990ல ஸ்டாக் எலெக்ட்ரானிக்ஸ்னு ஒரு கலிஃபோர்னியா கம்பெனி 'ஸ்டாக்கர்'னு ஒண்ணு வித்தாங்க. டிஸ்க்ல எழுதறப்ப சுருக்கும், படிக்கிறப்ப விரிக்கும். 40 எம்பி டிஸ்க் 80 எம்பி மாதிரி தெரியும். அடிப்படை யோசனை 1977ல லெம்பல், ஜிவ்னு ரெண்டு இஸ்ரேல் ஆராய்ச்சியாளருங்க வெளியிட்டது. ரொம்ப எளிமையா சொன்னா, நம்ம வீட்டுப் பத்திரத்துல ஒரு தடவை முழுப் பேரு, விலாசம் எல்லாம் எழுதிட்டு, அப்புறம் "மேற்படி நபர், மேற்படி சொத்து"ன்னு எழுதறாங்க பாருங்க, அதேதான். ஏற்கெனவே வந்த சொல்தொடரை மறுபடி எழுதாம, 'இத்தனை எழுத்துக்குப் பின்னாடி பார்'னு குறிப்பு போடறது.

மைக்ரோசாஃப்ட் சும்மா இருக்குமா? 1993 மார்ச்ல எம்.எஸ்.டாஸ் 6.0ல 'டபுள்ஸ்பேஸ்'னு அதே மாதிரி ஒண்ணை இலவசமா சேர்த்துட்டாங்க. ஸ்டாக் கேஸ் போட்டாங்க. 1994 பிப்ரவரில ஜூரி, காப்புரிமை மீறல்னு சொல்லி மைக்ரோசாஃப்டுக்கு 12 கோடி டாலர் விதிச்சாங்க. (வணிக ரகசியத்துக்காக ஸ்டாக்கும் 1.36 கோடி டாலர் குடுக்கணும்னு ஒரு தீர்ப்பு சேர்ந்து வந்துச்சு.) டாஸ் 6.21ல டபுள்ஸ்பேஸைத் தூக்கினாங்க. 6.22ல 'டிரைவ்ஸ்பேஸ்'னு புதுசா எழுதிப் போட்டாங்க. அப்புறம் சமரசம்.

நமக்கு முக்கியம் கோர்ட் சண்டை இல்லை. டபுள்ஸ்பேஸ் போட்டா மொத்த டிஸ்க்கும் ஒரே ஒரு மறைவு ஃபைலுக்குள்ள போயிடும். உங்க கடிதம், கணக்கு, கேம் எல்லாமே அதுக்குள்ள. பத்திரத்தோட முதல் பக்கம் கிழிஞ்சா 'மேற்படி'க்கு என்ன அர்த்தம்? அந்தக் கதைதான். ஒரு இடத்துல கெட்டா பல இடத்துல கெடும். தகவல் போச்சுன்னு புகார் வந்து, 1993 நவம்பர்ல வந்த 6.2ல ஸ்கேன்டிஸ்க்கையும் கூடுதல் பாதுகாப்பையும் சேர்த்தாங்க.

ஒரு வரிக்கு 32 கேபி வாடகை

அடுத்தது விண்டோஸ் 95 காலம். அப்ப இருந்த ஃபேட்16 முறையில ஒரு பார்ட்டிஷனுக்கு 65 ஆயிரத்துச் சொச்சம் கட்டம்தான் இருக்க முடியும். டிஸ்க் பெருசானா கட்டமும் பெருசாகணும். 2 ஜிபி டிஸ்க்ல ஒரு கட்டம் 32 கேபி. ஒரு கட்டத்துல ரெண்டு ஃபைல் குடியிருக்க முடியாது. ஒரு வரி எழுதி சேவ் பண்ணாலும் 32 கேபி போச்சு. ஒண்டிக் குடித்தனக்காரனுக்கு முழுக் கல்யாண மண்டபம்.

சராசரியா ஃபைலுக்கு அரைக் கட்டம் வீண். 10,000 ஃபைல் இருந்தா 160 எம்பி காணாமப் போயிருக்கும். ஃபைலை அழிக்காமலே இடத்தை மீட்க ஒரு தந்திரம் இருந்துச்சு. டிஸ்க்கை சி, டி, இ, எஃப்னு வெட்டினா ஒவ்வொண்ணுலயும் கட்டம் சின்னதாகும். அந்தக் காலத்து அசெம்பிள்டு பிசியில நாலஞ்சு டிரைவ் தெரிஞ்சதுக்கு இதுவும் ஒரு காரணம். 1996ல விண்டோஸ் 95 ஓ.எஸ்.ஆர். 2ல ஃபேட்32 வந்து 8 ஜிபி வரைக்கும் 4 கேபி கட்டம்னு ஆனதும் இந்தத் தலைவலி தீர்ந்துச்சு. யாரும் எதையும் இழக்காம இடம் கிடைச்ச அபூர்வமான சந்தர்ப்பம் இது.

மூணு மொழி, ஒரு ஃபான்ட் ஃபோல்டர்

தமிழ்ல எழுதற நம்மளை நேரடியா உரசின கதை இனிதான்.

ஓசூர்ல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் புழங்கும். டி.டி.பி. கடையில கல்யாணப் பத்திரிகை மூணு மொழியிலயும் அடிக்கணும். யூனிகோட் பரவறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மொழிக்கும், ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி ஃபான்ட், தனி எழுத்து முறை. தமிழுக்கு மட்டும் டிஸ்கி, டாப், டாம்னு எத்தனை! (1999ல சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடந்து டாப், டாம் ரெண்டும் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.) எல்லாத்துலயும் ஒரு குறிக்கு ஒரு பைட். அந்த வகையில சிக்கனம். ஆனா ஃபைலுக்குள்ள இருக்கிறது வெறும் எண்கள். அதை 'அ'ன்னு காட்டறதா, வேற எதையாவது காட்டறதான்னு முடிவு பண்றது ஃபான்ட்.

இப்ப இடம் பத்தலைன்னு ஒருத்தர் ஃபான்ட் ஃபோல்டரைத் திறக்கிறார்னு வெச்சுக்குங்க. பேரே தெரியாத நூத்துக்கணக்கான ஃபான்ட். ஒண்ணொண்ணும் சில பத்து கேபி. அழிச்சா சில எம்பி கிடைக்கும். பத்து வருஷத்துத் தமிழ் ஃபைலெல்லாம் கொம்பு முளைச்ச ஐரோப்பிய எழுத்தாயிடும். ஃபைல் அப்படியேதான் இருக்கு, ஒரு பைட் குறையலை. படிக்கத்தான் முடியாது. இப்படிக் கிடக்கிற கதையும் கட்டுரையும் தமிழ்நாட்டு அலமாரி சிடிக்கள்ல எவ்வளவு இருக்கும்னு நினைச்சா வயிறு எரியுது.

யூனிகோட் இதுக்கு நேர் எதிர். யூடிஎஃப்-8 முறையில ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 'கி'ன்னு எழுதினா க வேற, இகரக் குறி வேற, மொத்தம் 6 பைட். "ஆங்கிலத்துக்கு ஒண்ணு, நமக்கு மூணா?"ன்னு அப்ப பெரிய விவாதம் நடந்துச்சு. இப்ப கணக்குப் பாருங்க. 2000 வார்த்தைப் பதிவு ஒண்ணு சுமார் 50 கேபி. ஆயிரம் பதிவு எழுதினாலும் 50 எம்பி. ஒரு டஜன் எம்பி3 பாட்டு! வாழ்நாள் முழுக்க எழுதினது ஒரு கேசட் அளவு இடத்துல அடங்கிடும். மூணு மடங்கு இடம் குடுத்தோம், பதிலுக்கு எந்தக் கம்பெனி ஃபான்ட்டையும் நம்ப வேண்டாம்னு ஆச்சு. அடகுல இருந்து மீட்டதுன்னா இதைத்தான் சொல்லணும்.

வேலைக்காரனை நம்பி வீட்டை விட்டா

அப்புறம் அழிக்கிற வேலையையும் மெஷின்கிட்டயே விட்டோம். விண்டோஸ் 98ல டிஸ்க் கிளீனப் வந்துச்சு. 2000கள்ல சிகிளீனர் எல்லார் வீட்டுலயும் இருந்துச்சு. 2017ல அந்த சிகிளீனரோட 5.33 பதிப்புக்குள்ளயே விஷ நிரலைப் புகுத்தி, 22 லட்சத்துக்கு மேல கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்துச்சு. குப்பை பொறுக்க வந்தவன் சாவியை நகல் எடுத்த கதை.

2018 அக்டோபர் 2ல வெளியான விண்டோஸ் 10 அப்டேட் இன்னும் விசேஷம். சி டிரைவ்ல இடம் பத்தலைன்னு டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை வேற டிரைவுக்கு மாத்தினவங்க உண்டு. அவங்களோட பழைய ஃபோல்டர் வெறுமனே கிடக்கும்னு நினைச்சு அப்டேட் அதை அழிச்சுது. சிலருக்கு அதுக்குள்ள ஃபைல் இருந்துச்சு. போச்சு! சில நாள்லயே அப்டேட்டை நிறுத்தி, நவம்பர் 13ல சரி பண்ணி மறுபடி விட்டாங்க. அதே அப்டேட்ல டிஸ்க் கிளீனப் பட்டியல்ல டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்தாங்க. எல்லா டிக்கையும் அடிச்சு ஓகே குடுக்கிற பழக்கம் நமக்கு. 2020ல அதை எடுத்துட்டாங்க.

இப்ப கிளவுட். 'இடத்தைக் காலி செய்'னு பொத்தானை அமுக்கினா ஃபோட்டோ எல்லாம் மொபைல்ல இருந்து போயிடும், அங்க இருக்கும். கூகுள் ஃபோட்டோஸ் 2021 ஜூன் 1ல இருந்து வரம்பில்லாத இலவசத்தை நிறுத்தி 15 ஜிபி கணக்குல சேர்த்துடுச்சு. ரெண்டு வருஷம் தொடாத கணக்கை அழிக்கலாம்னு 2023ல விதி போட்டாங்க. அடகுக் கடையில கெடு தாண்டின நகை ஏலத்துக்குப் போகுமே, அதேதான். மரத்தடி, ராயர் காபி கிளப்னு யாஹூ குழுமங்கள்ல குப்பை கொட்டினவங்களுக்கு இந்த வலி புதுசில்லை. 2019 டிசம்பர்ல யாஹூ குழுமப் பதிவுகளை எல்லாம் அழிக்க ஆரம்பிச்சு, 2020 டிசம்பர்ல கடையையே மூடிட்டாங்க.

கடைசியா

இந்த 70 வருஷத்துல நான் பார்க்கிறது ரெண்டு விஷயம்.

ஒண்ணு, இடத்தை அடைச்சதும் நமக்குப் பிடிச்சதும் ஒண்ணா இருந்ததில்லை. இடத்தை அடைக்கிறது வீடியோ, இன்ஸ்டாலர், அதே படத்தோட நாலு நகல். காணாமப் போறது ரெண்டு கேபி கடிதமும், ஒரு வரிக் குறிப்பும், 40 கேபி ஃபான்ட்டும். காலி பண்ணும்போது அளவுப்படி வரிசைப்படுத்தி மேல இருந்து வாங்க. எழுத்து ஃபைலைத் தொடவே வேண்டாம். அதை அழிச்சு யாரும் கோட்டை கட்டினதில்லை.

ரெண்டு, அழிக்கிறதுக்கு முன்னாடி "இது வேணுமா?"ன்னு கேக்கறதோட நிறுத்தாதீங்க. "இதை நம்பி வேற எது இருக்கு?"ன்னும் கேளுங்க. அந்த ஜி71 சுட்டிக்காட்டுற வரி நம்பர் மாதிரி, சும்மா கிடக்கிற மாதிரி தெரியறதை இன்னொண்ணு பிடிச்சுட்டு நிக்கும். சுருக்கினா எதை வெச்சு விரிக்கிறது, கிளவுட்ல போட்டா எந்தக் கணக்கு, எந்தப் பாஸ்வேர்டு, இதையெல்லாம் வீட்டுல இன்னொருத்தருக்கும் புரியற மாதிரி ஒரு நோட்டுல எழுதி வைங்க. சிப்காட் பட்டறையில அஞ்சு ரூபா நோட்டு பண்ண வேலையை எந்த கிளீனர் சாஃப்ட்வேரும் பண்ணலை.

உங்ககிட்ட பழைய டிஸ்கி, டாப் ஃபைல் கிடந்தா, படிக்க முடியற காலத்துலயே யூனிகோடுக்கு மாத்திடுங்க சாமி. இடம் மூணு மடங்கு ஆகும். ஆகட்டுமே!

டிஸ்கி: மேலே சொன்ன டிஸ்கி எழுத்து முறை. இது டிஸ்க்ளெய்மர் டிஸ்கி :-) இந்தப் பதிவைப் படிச்சுட்டு உடனே போய் எதையும் அழிச்சா கம்பெனி பொறுப்பில்லை.